ரப்பர் படகுக்கு எந்த மோட்டார்?

இந்த வருஷம் வெயில் ஆரம்பித்த சமயம். காலையில் காபி போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. புது நம்பர்.

"மேடம், உளுந்தூர்பேட்டை பார்சல் ஆபீஸ்லேர்ந்து பேசறேங்க. உங்க பேருக்கு ஒரு போட்டு வந்துகீது."

"போட்டோவா?"

"போட்டோ இல்லீங்க. போட்டு. தண்ணியில போவுமே... அது. சீக்கிரம் வந்து எடுத்துக்கினு போங்க. எடத்த அடைச்சிக்கினு கெடக்குது."

கள்ளக்குறிச்சியில் குடியிருக்கும் ஒருத்திக்கு, கிணறே வற்றிக் கிடக்கும் மாசத்தில், படகு அனுப்புகிற ஆள் யார்? என் கணவர் பேப்பரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "நீ எழுதறதுக்கு இதுவரைக்கும் திட்டுதான் வந்துக்கினு இருந்துது. இப்போ படகு. முன்னேற்றம்தான்" என்றார்.

குட்டி லாரி பிடித்துப் போய் எடுத்துவந்தோம். சுருட்டி, வாரால் இறுக்கிக் கட்டிய ஒரு சாம்பல் நிற மூட்டை. கூடவே காலால் மிதித்துக் காற்றடிக்கும் பம்ப், இரண்டு துடுப்பு, அடியில் பரப்பும் பலகைகள். பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியுமா? ஹாலிலேயே விரித்து மிதிக்க ஆரம்பித்தேன். அது பாட்டுக்கு உப்பிக்கொண்டே போனது... சோபா ஓரம் போனது, டி.வி. ஸ்டாண்டு நகர்ந்தது, கணவர் சமையலறைப் பக்கம் மாட்டிக்கொண்டார். வாசலில் பால்காரர் கூப்பிட்டபோது கணவர் படகில் ஏறி இறங்கித்தான் போக வேண்டியிருந்தது.

அனுப்பியவர் மதியம் கூப்பிட்டார். இந்தப் பத்தியின் பல வருஷ வாசகர். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே லீவு நாட்களில் மலை ஆறுகளில் இந்தப் படகை ஓட்டுவாராம். இங்கே வந்தபின் பரணில் கிடந்திருக்கிறது. "உங்க போன மழைக்காலப் பத்தியைப் படிச்சதுலேர்ந்து இதைப் பாக்கும்போதெல்லாம் மனசு உறுத்துது மேடம். என் பேரு போடாதீங்க. மோட்டார் மட்டும் என்கிட்ட இல்ல. அதை நீங்க பாத்துக்குங்க" என்றார்.

மோட்டார் 'மட்டும்' இல்லை. எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்!

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வந்தவர்களுக்காக அந்தப் பத்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கல்வராயன் மலையடிவாரத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். சாமை, மரவள்ளி பயிர் செய்கிற குடும்பங்கள். போக வர ஒரே தரைப்பாலம். மலையில் மழை கொட்டினால் பாலம் மூழ்கிவிடும். வெள்ளத்தின் வேகம் சில மணி நேரத்தில் தணிந்தாலும், மார்பளவுத் தண்ணீர் நாள்கணக்கில் பாலத்தின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும்.

போன மழைக்காலத்தில், அப்படி ஓடிக்கொண்டிருந்த ஒரு பகலில், ஏழுமலை என்பவரை மரவள்ளிக் காட்டில் பாம்பு கடித்துவிட்டது. இந்தக் கரையில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது. பக்கத்திலேயே கிராம நர்ஸ் வசந்தி நிற்கிறார். அந்தக் கரையில் கயிற்றுக் கட்டிலில் ஏழுமலை. நடுவில் ஆறு. பள்ளிக்கூட மைதானம் அளவுதான் அகலம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிறது. கயிறு வீசிப் பார்த்தார்கள், எட்டவில்லை. நீந்தப் போன இரண்டு பேரைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய் தூரத்தில் கரை சேர்த்தது. கடைசியில் கட்டிலோடு தூக்கிக்கொண்டு, காட்டுப் பாதையில் மலையைச் சுற்றி நடந்தார்கள். ரோட்டைத் தொடுவதற்கு முன்பே ஏழுமலை இறந்துபோனார்.

அவர் மனைவி பெயர் அஞ்சலை. நாற்பது வயது இருக்கும். நான் போய்ப் பார்த்தபோது அவர் அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தக் கரையில மருந்து இருந்துதே... தண்ணிய எப்பிடித் தாண்டறதுன்னு யாருக்குமே தெரியலியா?"

எனக்கும் தெரியவில்லை. அதைத்தான் எழுதியிருந்தேன்.

இப்போது படகு வந்துவிட்டது.

எனக்கு மோட்டார் என்றால் ஞாபகம் வருகிற முகம் சாதிக் பாய். கள்ளக்குறிச்சியில் பம்ப்செட் கடை வைத்திருக்கிறார். கிணற்று மோட்டார், போர் மோட்டார், ஓஸ் பைப் எல்லாம் விற்பார். எதையும் பிரித்துப் பார்க்காமல் தூங்க மாட்டார். என்னை அக்கா என்பார்.

விஷயத்தைச் சொன்னேன். தாடியைத் தடவினார். "தண்ணிய மேல ஏத்தறது நமக்குத் தெரியும்க்கா. ஆளத் தண்ணி மேல ஏத்தறதுதான் தெரியாது."

ஆனால் கண் மின்னியதைப் பார்த்துவிட்டேன். அடுத்த வாரமே தன் காரில் என்னைக் கடலூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். துறைமுகத்துப் பக்கம் படகு மோட்டார் விற்று, ரிப்பேரும் பார்க்கிற தனசேகர் என்பவரை விசாரித்து வைத்திருந்தார்.

தனசேகர் ஒல்லியான மனிதர். எங்கள் கதையைக் கேட்டுவிட்டு, "ஆழம் எவ்ளோங்க?" என்றார்.

நானும் பாயும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எந்த இடத்து ஆழத்தைச் சொல்வது? ஒரு இடத்தில் மார்பளவு. நாலு எட்டு தள்ளினால் பாறை மேல் கணுக்கால் அளவு. அதற்கப்புறம் மடு.

"அடியில மணலா, கல்லா?"

"கல்லு. ஒவ்வொண்ணும் ஆட்டுக்கல் சைஸு" என்றார் பாய்.

தனசேகர் சிரித்தார். "விசிறி வெச்ச மோட்டார் வேணாம்னு சொன்னா எனக்கு வியாபாரம் போயிடும். வாங்கிக்கினு போங்கன்னு சொன்னா உங்க மோட்டாரே போயிடும். கடலுக்கு அடி கெடையாது மேடம். உங்க ஆத்துக்கு அடி மட்டும்தான் இருக்குது."

விசிறி என்று அவர் சொன்னது புரொப்பல்லரை. படகின் பின்னால் தண்ணீருக்குள் தொங்கிச் சுழலுமே, அது. படகின் வயிற்றுக்குக் கீழே ஒரு முழம் இறங்கியிருக்கும். கல்லில் பட்டால் முடிந்தது.

உள்ளே போய் ஒரு மோட்டாரைக் காட்டினார். மேல்பாதி மற்றது போலவே இருந்தது. கீழே புரொப்பல்லர் இல்லை! அதற்குப் பதில், தட்டையான ஒரு மூக்கு. மூக்கின் அடியில் சாக்கடைக் கம்பி வலை மாதிரி ஒரு வலை. பின்னால் ஒரு வாய். ஜெட் மோட்டாராம்.

விசிறியே இல்லாமல் படகு எப்படிப் போகும்? குனிந்து வலைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. பாய் தரையில் உட்கார்ந்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார்.

"அக்கா! இது நம்ம பம்ப்செட்டு! உள்ளார சுத்தற சக்கரம், இம்பெல்லர், இருக்குது பாருங்க. கீழேர்ந்து தண்ணிய உறிஞ்சி, பின்னால பீச்சி அடிக்குது. நெலத்துல ஓஸ் பைப்பக் கையில புடிச்சிக்கினு மோட்டார் போட்டா, பைப்பு நம்மளப் பின்னால தள்ளும் இல்ல? அந்தத் தள்ளுலதான் படகு போவுது!"

சுழல்கிற பாகம் முழுக்க உள்ளே. வெளியே நீட்டிக்கொண்டிருப்பது எதுவும் இல்லை. கணுக்கால் தண்ணீரிலும் வழுக்கிக்கொண்டு போய்விடும் என்றார் தனசேகர். அப்போதே எனக்கு ஜெட் மேல் காதல் வந்துவிட்டது. ஆனால் அவர் நேர்மையானவர். குறைகளையும் சொன்னார்.

உறிஞ்சிப் பீச்சுவதிலேயே சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போலப் போய்விடும். பெட்ரோல் ஜாஸ்தி குடிக்கும். இலை தழை வந்தால் வலை அடைத்துக்கொள்ளும். மணல் உள்ளே போனால் இம்பெல்லர் தேயும். புரொப்பல்லர் மோட்டாரில் நியூட்ரல் போட்டால் விசிறி நின்றுவிடும். இதில் இன்ஜின் ஓடுகிறவரை உள்ளே சுழன்றுகொண்டேதான் இருக்கும். பின்வாயை ஒரு மூடி மறைக்கும், அவ்வளவுதான்.

"முக்கியமா ஒண்ணு. இதுக்குத் தனியா சுக்கான் கெடையாது மேடம். பீச்சற தண்ணிதான் சுக்கான். பயந்துபோய் ஆக்சிலேட்டர விட்டுட்டீங்கன்னா படகு உங்க பேச்சக் கேக்காது. பாறை வருதுன்னா வேகத்தக் கம்மி பண்ணாம, குடுத்துத்தான் திருப்பணும்."

பாறையைப் பார்த்து வேகம் கொடுப்பதா? 

திரும்பி வரும் வழியில் உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க இறங்கினோம். லாரி இரைச்சலுக்கு நடுவே எனக்கும் பாய்க்கும் வாக்குவாதம். பாய் கட்சி மாறியிருந்தார். "ஜெட்டு அழகுதான்க்கா, ஒத்துக்கறேன். ஆனா நம்ம மலைத் தண்ணியில மூங்கில் எலை எவ்ளோ வரும்! நடு ஆத்துல அடைச்சா இன்னா பண்ணுவீங்க? விசிறியே வாங்குவோம். சுத்தி ஒரு கம்பிக் கூண்டு நானே அடிச்சித் தர்றேன். ஸ்பேரும் ஈசியாக் கெடைக்கும்." நான் ஜெட் என்றேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று முடிவானது.

ஆடி கழிந்து மலையில் நல்ல மழை. ஆற்றில் தண்ணீர் வந்தது. வெள்ளம் இல்லை, ஓட்டிப் பார்க்கத் தோதான அளவு. தனசேகர் இரண்டு மோட்டாரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். படகின் பின்பலகையில் பாய் ஏற்கெனவே வேலை செய்து வைத்திருந்தார். ஜெட்டின் மூக்கு படகின் அடிமட்டத்துக்குச் சரியாக நிற்க வேண்டுமாம். கீழே இறங்கினால் இழுக்கும், மேலே ஏறினால் காற்றை உறிஞ்சும். அதற்காகப் பலகையை உயர்த்தியிருந்தார். விசிறிக்குப் பேசிய ஆள்தான்!

வசந்தி யூனிஃபார்மிலேயே வந்திருந்தார். அவர்தான் ஓட்டுவது என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தோம். அஞ்சலையும் வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. புடவை மேல் கணவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் புரொப்பல்லர் மோட்டார். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். வசந்தி இழுத்தார், இழுத்தார், கை சிவந்துவிட்டது. அது இருமியதே தவிரக் கிளம்பவில்லை. அஞ்சலை எழுந்து வந்தார். "குடுங்க நர்ஸம்மா. எங்க கிணத்து ஆயில் இன்ஜினும் இப்பிடித்தான், ஆளப் பாத்து மொரண்டு புடிக்கும்." காலை ஊன்றி ஒரே இழுப்பு. பிடித்துக்கொண்டது.

தனசேகர் ஓட்டினார். மடுவில் அம்பு மாதிரி போனது. பாய் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பாறைப் பக்கம் திரும்பியது... 'டக்'! இன்ஜின் கத்துகிறது, படகு நகரவில்லை. புரொப்பல்லர் கல்லில் இடித்து, உள்ளே அதைப் பிடித்திருக்கும் சின்ன ஆணி உடைந்துவிட்டது. படகு பக்கவாட்டில் மிதந்து போக ஆரம்பித்தது. நல்லவேளையாகக் கரையிலிருந்து பத்திரத்துக்கு ஒரு கயிறு கட்டியிருந்தோம். இழுத்தோம். தனசேகர் வேறு ஆணி மாட்டினார். மறுபடி 'டக்'. பாயின் புருவம் இறங்கிவிட்டது.

அடுத்து ஜெட். சத்தம் ஜாஸ்தி. கிளம்பும்போது கொஞ்சம் சோம்பல். ஆனால் பாறை மேல் தண்ணீர் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஓடுமே, அதன் மேல் ஏறி, எதுவுமே நடக்காதது போல அந்தப் பக்கம் இறங்கியது. நான் கைதட்டியேவிட்டேன். திரும்பி வரும்போது இன்ஜின் திடீரென்று கீச்சென்று கத்தியது. படகு நின்றுவிட்டது. மூங்கில் இலை! "கிணத்துக்குள்ள தண்ணி உறிஞ்சற ஃபுட்வால்வுல பாசி அடைச்சா மோட்டார் வெறும ஓடுமே, அதே கேசு" என்று கரையிலிருந்து பாய் கத்தினார். தனசேகர் இன்ஜினை நிறுத்தினார். உறிஞ்சுவது நின்றதும் இலைகள் தானாக உதிர்ந்தன. மறுபடி கிளம்பியது.

அஞ்சலை பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "எம்மா, அந்த மொதல் மோட்டார்ல சுத்துதே, அது தண்ணியில உழுந்தவன் காலுல பட்டா இன்னா ஆவும்?"

வெள்ளத்தில் ஆளை ஏற்ற வேண்டிய படகு. கல்லையும் மணலையும் பற்றி அவ்வளவு பேசினோமே, தண்ணீருக்குள் நிற்கப்போகிற மனுஷரை எங்களில் யாராவது நினைத்தோமா?

பிறகு ஜெட்டை வசந்தி ஓட்டிப் பழகும் முறை. ஓட்டுகிறவர் மணிக்கட்டில் ஒரு சிவப்புச் சுருள் கயிறு மாட்ட வேண்டும். மறுமுனை இன்ஜினில் இருக்கும். அதைப் பிடுங்கினால் இன்ஜின் நின்றுவிடும். நானும் அஞ்சலையும் ஏறிக்கொண்டோம். எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம். நான் புடவை மேல் போட்டிருந்தேன். பத்திக்கு விஷயம் வேண்டுமே என்று, உள்ளே உட்காராமல் பின்பக்க ரப்பர் விளிம்பில் உட்கார்ந்தேன்.

முதல் சுற்று அருமையாகப் போனது. இரண்டாவது சுற்றில் எதிரே ஒரு பாறை. "குடுங்க, குடுங்க!" என்று தனசேகர் கரையில் கத்துகிறார். வசந்தி பயந்துவிட்டார். பயந்தால் மனுஷர் என்ன செய்வார்? ஆக்சிலேட்டரை விட்டுவிட்டார். படகு குறுக்காகத் திரும்பி, பாறையில் மோதி, பந்து மாதிரி எகிறியது. படகுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் தண்ணீரில்.

ஜாக்கெட் என்னை மேலே தூக்கியது. மூச்சு வந்தது. அப்பாடா என்று நினைக்கும்போதே யாரோ முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். யாரோ இல்லை... ஜெட்! இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டுதானே இருந்தது? உறிஞ்சுகிற வலை என் முந்தானையைப் பிடித்துவிட்டது. துணி சுருள் சுருளாகப் போகிறது. என்னைப் படகின் அடிப்பக்கம் இழுக்கிறது. முகம் ரப்பரில் அழுந்தியது. மூக்கில் தண்ணீர். கரையில் பாய் "யா அல்லாஹ்" என்று அலறியது கேட்டது. அதற்கப்புறம் தண்ணீரின் சத்தம்தான்.

திடீரென்று இன்ஜின் நின்றது.

வசந்தி உறைந்துபோய் உட்கார்ந்திருந்தாராம். அஞ்சலை தாவி, அவர் மணிக்கட்டிலிருந்த சிவப்புக் கயிற்றைப் பிடுங்கியிருக்கிறார். அடுத்த நொடி என் ஜாக்கெட் காலரில் ஒரு கை விழுந்தது. மூட்டை தூக்குகிற மாதிரி என்னைத் தூக்கிப் படகுக்குள் போட்டார். முந்தானை கிழிந்து வலையிலேயே சிக்கிக்கொண்டது.

கரைக்கு இழுத்து வந்தார்கள். வசந்தி தேம்பித் தேம்பி அழுதார். எனக்குப் பல் தந்தியடித்தது. பாய்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"போதும்க்கா. விசிறியும் வேணாம், ஜெட்டும் வேணாம். பேசாம கவர்மென்ட்டு பாலம் கட்டறப்ப கட்டட்டும். இந்தப் படகால ஒரு உசுரு போச்சுன்னா நம்மால தாங்க முடியாது."

தனசேகர் வலையிலிருந்து துணியை உருவிக்கொண்டே சொன்னார். "விசிறியா இருந்தா மேடம் இப்ப இங்க உக்காந்துகினு இருக்க மாட்டாங்க. ஆனா ஜெட்டும் ஒண்ணும் சாது இல்ல. துணி, கயிறு, தலைமுடி எல்லாம் அதுக்கு ஒண்ணுதான். ஆபத்தே இல்லாத மோட்டார் என்கிட்ட இல்லீங்க."

எனக்கும் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. உண்மையைச் சொல்வதற்கென்ன? 

அஞ்சலை என் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். துவட்டுவதை நிறுத்தாமலே பேசினார்.

"பாய், உங்க பக்கம் ஒரு பொடவ போச்சு. எங்க வூட்டுல ஆளே போச்சு. அடுத்த மழை வராதுன்னு நீங்க எயுதிக் குடுத்தீங்கன்னா போட்ட எடுத்துக்கினு போங்க."

பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"நர்ஸம்மா ஓட்ட வேணாம். அவங்க நோயாளியப் பாக்கட்டும். நான் ஓட்டறேன். அக்கரையிலதான் என் வூடு. போட்டும் அங்கியே இருக்கட்டும். நோயாளி அங்கதான இருக்கான்?"

எவ்வளவு எளிமையான விஷயம்! படகை இந்தக் கரையில் ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் வைப்பதாகத்தான் நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம்.

ஜெட் என்று முடிவானது. எந்த அளவு ஜெட்? சக்தியில் ஒரு பங்கு வீணாகும் என்பதால் பெரியதாகவே வாங்குங்கள் என்றார் தனசேகர். ஆனால் மோட்டாரை ஊரிலிருந்து ஆற்றுக்குத் தூக்கி வர வேண்டும். கடலூரில் அவர் கடையிலேயே அஞ்சலையும் வசந்தியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள். பெரியது தரையை விட்டு எழும்பவே இல்லை. அதற்கு அடுத்த அளவு, பல்லைக் கடித்தால் தூக்க முடிந்தது. அதுதான் எங்கள் மோட்டார். உங்களில் பலர் சேர்ந்து வாங்கித் தந்தது.

அந்த அளவுக்கு மூன்று பேருக்கு மேல் ஏறக் கூடாது. ஓட்டுகிறவர், நர்ஸ், நோயாளி. "நானும் கூட வர்றேன்" என்று அழுதுகொண்டு வருகிற சொந்தக்காரர்களை இறக்கிவிடுவது இருக்கிறதே... மோட்டார் தேர்ந்தெடுப்பதைவிடப் பெரிய வேலை அது.

புடவைக்குத் தடை போட்டோம். அஞ்சலை சுடிதாருக்கு மாறினார், முடியைத் தொப்பிக்குள் கட்டினார். புரட்டாசி முழுக்கத் தனசேகர் வந்து வந்து கற்றுக்கொடுத்தார். பாறையைப் பார்த்ததும் வேகம் கொடுக்க அஞ்சலைக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். "பயமாத்தான் இருக்குது. பயத்தோட கைய மட்டும் திருகிடறேன்" என்றார்.

அவராகவே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார். ஆற்று நடுவில் எருமை முதுகு மாதிரி ஒரு பாறை உண்டு. வெள்ளத்தில் அது மூழ்கினால் படகை எடுக்க மாட்டார். முதுகு தெரிந்த பிறகுதான்.

ஐப்பசி மழை வந்தது.

பாலம் மூழ்கிய அன்று காலையிலேயே வசந்தி எனக்கு போன் செய்தார். அஞ்சலையின் பக்கத்து வீட்டு முருகேசன், மரவள்ளி வெட்டும்போது கொடுவாளைக் காலில் இறக்கிக்கொண்டுவிட்டார். ரத்தம் நிற்கவில்லை. இந்தக் கரையில் வசந்தி, ஆம்புலன்ஸ். அந்தக் கரையில் அவர்.

எருமைப் பாறை மூழ்கிக் கிடந்தது.

ஊரே அஞ்சலையைச் சூழ்ந்துகொண்டது. "இதுக்குத்தானடி போட்டு வந்துது! எடு!" என்று கத்தினார்கள். முருகேசன் மனைவி காலில் விழுந்தார். அஞ்சலை எடுக்கவில்லை. வசந்தி போனில் சொல்லச் சொல்ல, சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, தன் முழு பாரத்தையும் கொடுத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யாரோ மண்ணை வாரித் தூற்றினார்களாம். "உம் புருஷன் செத்த மாதிரி இவனும் சாவணுமா?" என்று ஒருவர் கேட்டாராம். அழுத்திய கையை அவர் எடுக்கவில்லை. கண் மட்டும் ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

இங்கே என் வீட்டில் நான் உட்காரவும் முடியாமல், நிற்கவும் முடியாமல்... பாய் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆற்றங்கரைக்குக் கிளம்பிவிட்டார்.

பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் பாறையின் முதுகு தெரிந்தது.

அஞ்சலை எழுந்தார். முருகேசனைப் படுக்க வைத்தார்கள். காயத்தை அழுத்திப் பிடிக்க அவர் மனைவியை மட்டும் ஏற்றிக்கொண்டார். ஒரே இழுப்பு. கிளம்பியது. நடு ஆற்றில் இன்ஜின் கீச்சென்று கத்தியது. மூங்கில் இலை. கரையில் நின்ற பாய் கண்ணை மூடிக்கொண்டாராம். படகு கீழ்நோக்கி மிதக்க ஆரம்பித்தது. அஞ்சலை இன்ஜினை நிறுத்தினார். இலை உதிரும் வரை பொறுத்தார். மறுபடி ஒரே இழுப்பு. எதிரே பாறை. அவர் கை வேகத்தைக் குறைக்கவில்லை. படகு வளைந்து, பாறையை உரசாமல் தாண்டி, வசந்தியின் காலடியில் வந்து நின்றது.

முருகேசன் பிழைத்துக்கொண்டார். தையல் பிரித்தாகிவிட்டது. கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கிறார். திட்டியவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து மன்னிப்புக் கேட்டார்களாம்.

விஷயம் பரவியதிலிருந்து எனக்கு ஒரே போன். எந்த மோட்டார் நல்லது மேடம்? எத்தனை குதிரை சக்தி? எங்கள் ஊர் ஆற்றுக்கு ஜெட் சரிப்படுமா? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மணலூர்பேட்டைப் பக்கம் பெண்ணையாற்று மணலுக்கு வேறு கணக்கு, எங்கள் மலையாற்றுக்கு வேறு கணக்கு. கூடவே ஒன்று கேட்கிறேன். ஓட்டப் போவது யார்? பாதிப் பேர் போனை வைத்துவிடுகிறார்கள்.

போன வாரம் அஞ்சலையிடம் பேசினேன். அன்றைக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"போவும்போது ஒண்ணும் தெரியலம்மா. இன்ஜின் சத்தம், ஆளு, ரத்தம்... அதுலியே போயிட்டேன். அவங்கள எறக்கிட்டுத் திரும்பி வரும்போதுதான் தனியா வந்தேன். நடு ஆத்துக்கு வந்ததும் திரும்பிப் பாத்தேன், மருந்து இருந்த அந்தக் கரை எவ்ளோ கிட்ட இருக்குது!" என்றார். "அங்கியே அழுதேம்மா. அவரு போனதுலேர்ந்து அன்னிக்குத்தான் அழுதேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா... இருட்டிக்கினு வந்துச்சு. ஆக்சிலேட்டரக் குடுத்துட்டு வூட்டுக்கு வந்துட்டேன்."